உஷார்! எஸ்.ஆர். முதல் பக்கத்தை நாளையே திறந்து பாருங்கள்

அரசு வேலையில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறதா? நான்கா? நாலரையா? அப்படியானால் இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நாளைக் காலை அலுவலகம் போனதும் எஸ்டாபிளிஷ்மென்ட் பிரிவில் உங்கள் பணிப்பதிவேட்டைக் கேளுங்கள். ‘எஸ்.ஆர்.’ என்று சொன்னால் போதும். முதல் பக்கத்தில் பெயர், தகப்பனார் பெயர், அங்க அடையாளங்களோடு எண்ணிலும் எழுத்திலும் ஒரு பிறந்த தேதி எழுதியிருக்கும். அது உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதிதானா? சான்றிதழில் இருப்பது நீங்கள் நிஜமாகப் பிறந்த தேதிதானா? இரண்டில் ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தாலும் உங்கள் கையில் இருக்கும் காலம் கொஞ்சம்தான்.

தமிழ்நாடு அரசுப் பணியில் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்கும் விண்ணப்பத்தை, பணியில் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் கொடுத்துவிட வேண்டும். பிழை கண்ணில் பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டு கிடையாது. தகுதிகாண் பருவம் முடிந்த நாளிலிருந்தும் கிடையாது. வேலையில் சேர்ந்து கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து கணக்கு ஓட ஆரம்பித்துவிடுகிறது. மாநில மற்றும் சார்நிலைப் பணி விதிகளில் 49-வது விதி இதைத்தான் சொன்னது. அந்த விதிகளின் இடத்துக்கு 2016-ல் வந்த அரசுப் பணியாளர்கள் பணி நிபந்தனைச் சட்டமும் அதே ஐந்து ஆண்டைத்தான் வைத்திருக்கிறது. கெடு தாண்டி வரும் மனுவை உள்ளே புகுந்து விசாரிக்கவே தேவையில்லை, அப்படியே தள்ளிவிடலாம் என்பது விதி. உங்கள் பக்கம் உண்மை இருக்கலாம். தாயார் உயிரோடு இருந்து சாட்சி சொல்லலாம். பிறப்புப் பதிவேட்டின் நகலே கையில் இருக்கலாம். ஆறாவது வருஷம் கொண்டுபோனால் இவற்றில் எதையும் யாரும் பிரித்துப் பார்க்க வேண்டிய கட்டாயமில்லை.

சாமல்பட்டி என்ற ஊரை வைத்து இதை விளக்குகிறேன், அதற்குக் காரணம் இருக்கிறது. ஜோலார்பேட்டை – சேலம் ரயில் பாதையில், ஊத்தங்கரை தாலுகாவில் இருக்கும் இந்த ஊரையும் இதைச் சுற்றியுள்ள கிராமங்களையும் பாருங்கள். ஒரே தெருவில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர் இருப்பார், மின்வாரிய லைன்மேன் இருப்பார், அரசு பஸ் கண்டக்டர் இருப்பார், ரயில்வே டிராக்மேன் இருப்பார். ஓசூர் சிப்காட்டில் கம்பெனி வேலைக்குப் போகிறவர் பக்கத்து வீட்டில் இருப்பார். எல்லை தாண்டி பெங்களூரில் கர்நாடக அரசு நிறுவனத்தில் வேலை பார்க்கும் மச்சான் வார விடுமுறைக்கு வந்திருப்பார். இத்தனை பேருக்கும் விதி ஒன்றல்ல, கெடுவும் ஒன்றல்ல. திண்ணைப் பேச்சில் ஒருவருடைய விதியை இன்னொருவர் கேட்டுக்கொண்டு, “அதெல்லாம் ரிட்டையர்மென்ட்டுக்கு முன்னாடி பாத்துக்கலாம்ணே, எங்க ஆபீஸ்ல அப்படித்தான் பண்ணாங்க” என்று நிம்மதியாகிவிடுகிறார்கள். அந்த நிம்மதிதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கர்நாடகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே 1974-ல் வந்த அரசு ஊழியர் வயது நிர்ணயச் சட்டம் மூன்றே ஆண்டுதான் தருகிறது. அந்த மாநில அரசின் ஊரகக் கட்டமைப்பு மேம்பாட்டு நிறுவனத்தில் 1984-ல் சேர்ந்த டி.பி.நடராஜா என்ற ஊழியரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பதிவேட்டில் அவர் பிறந்த தேதி 4.1.1960. தான் பிறந்தது 24.1.1961 என்றார் அவர். வித்தியாசம் ஒரு வருஷம் சொச்சம்தான். திருத்தம் கேட்டதோ 2007-ல், ஏறக்குறைய 24 வருஷம் கழித்து. உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2021 செப்டம்பரில் நீதிபதிகள் எம்.ஆர்.ஷா, ஏ.எஸ்.போபண்ணா அமர்வு அந்த வெற்றியை ரத்து செய்தது. பிறந்த தேதித் திருத்தத்தை உரிமையாகக் கேட்க முடியாது, வலுவான ஆதாரம் இருந்தாலும் தாமதம் ஒன்றே மறுப்பதற்குப் போதும் என்று அந்தத் தீர்ப்பு தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆதாரம் இருந்தாலும் என்பதைக் கவனியுங்கள். ‘உண்மை என்றைக்கும் ஜெயிக்கும்’ என்று நம்பிக் காத்திருப்பவர்கள் இந்த வழக்கை ஒருமுறை படித்துவிட்டால் நல்லது.

ரயில்வேயில் இன்னும் கெடுபிடி. படித்த ஊழியர்களுக்கு மூன்று ஆண்டு அல்லது தகுதிகாண் பருவ முடிவு, இதில் எது முந்தியதோ அதுதான் கெடு. மத்திய அரசின் பிற துறைகளில் ஐந்து ஆண்டு. மின்வாரியம், போக்குவரத்துக் கழகம், கூட்டுறவு நிறுவனங்கள் போன்றவற்றுக்குத் தனித்தனிப் பணி விதிகளோ நிலையாணைகளோ உண்டு. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்காமல் உங்கள் நிர்வாகத்தையே கேளுங்கள்.

இந்த விஷயத்தில் நான் மறக்கக் கூடாது என்று வைத்திருக்கும் இரண்டு வழக்குகள் ஒரே நிறுவனத்தில் நடந்தவை. ஜார்க்கண்ட் நிலக்கரி வயல்களில் இயங்கும் பொதுத்துறை நிறுவனம் பாரத் கோக்கிங் கோல். 1987-ல் அங்கே எல்லாத் தொழிலாளர்களுக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். நிர்வாகத்திடம் உங்களைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது பாருங்கள், தப்பிருந்தால் சொல்லுங்கள் என்பதற்கான படிவம். சோட்டா பிராசா உராங் என்ற சுரங்கத் தொழிலாளி, 1973-ல் வேலைக்குச் சேர்ந்தவர், அதைப் பார்த்தார். பிறந்த தேதி தப்பாக இருந்தது. அப்போதே மனு கொடுத்தார், பள்ளிச் சான்றைக் காட்டினார், விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். நிர்வாகம் இழுத்தடித்தது, வழக்கு நீண்டது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இவர் கடைசி நேரத்தில் வந்தவர் இல்லை, கண்ணில் பட்டதும் கேட்டவர் என்பதுதான் அவருக்குக் கைகொடுத்தது.

ஷியாம் கிஷோர் சிங் என்ற இன்னொருவர் 1982-ல் சேர்ந்தவர். 1987-ல் அதே வாய்ப்பு அவருக்கும் வந்தது. பிறந்த தேதியைப் பற்றி அப்போது அவர் ஒன்றும் கேட்கவில்லை. 2010-ல் ஓய்வு வரவிருக்க, 2009-ல்தான் மனு கொடுத்தார். அவரிடமும் சான்றிதழ் இருந்தது. கீழே ஜெயித்தும் வந்தார். 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஒரே நிறுவனம், ஒரே படிவம், ஒரே வருஷம். ஒருவர் அன்றைக்கே வாய் திறந்தார், மற்றவர் 22 வருஷம் கழித்துத் திறந்தார். உங்கள் எஸ்.ஆர். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று மூடி வைக்கும்போது இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பெரிய பதவியில் இருந்தால் வழி பிறக்கும் என்றும் நினைக்க வேண்டாம். நாட்டின் ராணுவத் தளபதிக்கே பிறக்கவில்லை. ஜெனரல் வி.கே.சிங் தான் பிறந்தது 1951 மே 10 என்றார். 1965-ல் தேசிய பாதுகாப்பு அகாடமிக்காக நிரப்பிய விண்ணப்பத்தில் 1950 என்று இருந்தது. ராணுவத் தலைமையகத்துக்குள்ளேயே ஒரு பிரிவின் பதிவேட்டில் 1950, இன்னொரு பிரிவின் பதிவேட்டில் 1951. பதவி உயர்வுகளின்போது 1950-ஐ ஒப்புக்கொண்டு கடிதம் கொடுத்திருந்தார். 2012 பிப்ரவரி 10 அன்று நீதிபதிகள் ஆர்.எம்.லோதா, எச்.எல்.கோகலே முன் வழக்கு வந்தபோது நீதிமன்றம் அவர் பக்கம் சாயவில்லை. மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அந்த ஆண்டு மே 31-ல் ஓய்வுபெற்றார். பள்ளிப் பருவத்தில் நிரப்பிய ஒரு படிவம் 47 வருஷம் கழித்து ஒரு தளபதியின் ஓய்வு நாளைத் தீர்மானித்தது.

நீதிமன்றங்கள் ஏன் இவ்வளவு கடுமை காட்டுகின்றன என்று கோபம் வரலாம். எனக்கும் சில வழக்குகளைப் படிக்கும்போது வந்திருக்கிறது. ஆனால் அவர்கள் சொல்லும் காரணத்தில் நியாயம் இருப்பதை மறுக்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஆர்.கிருபாகரன் வழக்கில் 1993-ல் உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது. ஒருவருக்குத் தேதி மாறினால் அவருக்குக் கீழே பதவி உயர்வுக்காகக் காத்திருக்கும் அத்தனை பேரும் பாதிக்கப்படுகிறார்கள், சிலருக்கு அந்தப் பதவி உயர்வு நிரந்தரமாகவே கிடைக்காமல் போகலாம் என்றது. 1994-ல் டி.வி.வேணுகோபாலன் வழக்கு, அதுவும் நம் மாநிலத்து வழக்குதான். பணிக்காலம் முழுக்க ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட தேதியை, கடைசிக் கட்டத்தில் தப்பு என்று சொல்ல விட முடியாது என்றது நீதிமன்றம். 1993-ல் ஹர்னாம் சிங் வழக்கில் 35 வருஷம் சும்மா இருந்தவரைத் திருப்பி அனுப்பியது. ஓய்வு நெருங்கியதும் ‘நான் இளையவன்’ என்று சான்றிதழோடு வந்த அத்தனை பேரையும் பார்த்துப் பார்த்து நீதிமன்றத்துக்குச் சந்தேகம் வழக்கமாகிவிட்டது. அந்தச் சந்தேகத்தில் நிஜமாகவே தப்புத் தேதியோடு மாட்டிக்கொண்டவரும் அகப்பட்டுக்கொள்கிறார். அதனால்தான் சீக்கிரம் போங்கள் என்கிறேன். சீக்கிரம் போகிறவர் மேல் அந்தச் சந்தேகம் விழாது.

இனி, நம் பக்கத்தில் தேதி எப்படித் தப்பாகிறது என்பதைப் பார்ப்போம். மனுவில் ‘பிழை எப்படி நேர்ந்தது’ என்று நீங்கள் விளக்கியாக வேண்டும் என்பதால் இது முக்கியம்.

முதல் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஜூன் மாதம் பள்ளி திறக்கும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தகப்பனார் போவார். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார் ஆசிரியர். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தேதி கேட்டால், “நல்ல மழைக்காலங்க சார், ராகி அறுப்பு முடிஞ்சிருந்துச்சு” என்று பதில் வரும். ஐந்து வயது பூர்த்தியாக வேண்டுமே என்று ஏப்ரல், மே, ஜூனில் ஒரு தேதியை எழுதிக்கொள்வார். எண்ணம் நல்லதுதான், பிள்ளை ஒரு வருஷம் வீணாகக் கூடாது என்பதுதான். அந்தத் தேதி பத்தாம் வகுப்புச் சான்றிதழுக்கு ஏறி, அங்கிருந்து டி.என்.பி.எஸ்.சி. விண்ணப்பத்துக்கு ஏறி, எஸ்.ஆர். முதல் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அப்படிப்பட்ட தேதி ஜூன் 1 என்றால் இன்னொன்றும் உண்டு. மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர் முந்தைய மாதக் கடைசி நாளிலேயே ஓய்வுபெற வேண்டும். அதாவது மே 31. ஓய்வு வயது 58-லிருந்து 2020-ல் 59 ஆகி, 2021-ல் 60 ஆனபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை.

இரண்டாவது காரணம் இந்த எல்லைப் பகுதிக்கே உரியது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் பேசும் ஊர்கள் இவை. பிறந்த நாளை ஆங்கிலத் தேதியில் நினைவு வைத்த பெற்றோர் முன்பு குறைவு. தமிழ்க் குடும்பம் ‘ஆடி’ என்றால் அது சூரிய மாதம், ஜூலை நடுவில் தொடங்கும். தெலுங்கு, கன்னடக் குடும்பம் ‘ஆஷாடம்’ என்றால் அது சந்திர மாதம், அந்த வருஷத்து அமாவாசையைப் பொறுத்து ஜூனிலேயே தொடங்கிவிடலாம். இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணி எழுதியதால் தேதி வாரக் கணக்கில் நகர்ந்துபோகலாம். ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஓடாதீர்கள். அரசுப் பதிவோடு ஒத்துப்போனால் துணைக்கு நிற்கும், ஜாதகத்தை மட்டும் நம்பித் தேதியை மாற்றித் தர மாட்டார்கள்.

பிறப்புப் பதிவேட்டில் இருக்கும் சிக்கல்தான் எல்லாவற்றிலும் பெரிது. இன்று பணியில் இருக்கும் மூத்தவர்கள் பிறந்தபோது ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் தருமபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். கிராமத்தில் பிறப்பு இறப்பைப் பதிந்தவர் மணியக்காரர். 1980 நவம்பரில் அந்தப் பரம்பரைப் பதவிகளையே அரசு ஒழித்தது, பின்பு வி.ஏ.ஓ. எனப்படும் கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். இந்த மாற்றங்களுக்கு நடுவே உங்கள் பிறப்புப் பதிவு எந்தத் தாலுகா அலுவலகத்தின் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தேடி எடுப்பதற்கே மாதங்கள் ஆகலாம். எடுத்த பிறகு பார்த்தால் அதில் உங்கள் பெயரே இருக்காது. ‘ஆண் குழந்தை’ என்று இருக்கும், தகப்பனார் பெயர் இருக்கும். அந்த ஆண் குழந்தை நீங்கள்தானா, உங்கள் அண்ணனா, பிறந்து சில மாதத்தில் இறந்துபோன இன்னொரு பிள்ளையா? இந்தக் கேள்வியில்தான் பல மனுக்கள் விழுகின்றன. ஆகவே கூடப் பிறந்தவர்கள் எல்லோருடைய பிறப்புப் பதிவையும் பள்ளிப் பதிவையும் சேர்த்து எடுங்கள். எந்தப் பிள்ளை எப்போது பிறந்தது என்று வரிசை போட்டுக் காட்ட முடிந்தால்தான் அந்தப் பெயரில்லாப் பதிவு உங்களுடையது என்று நிற்கும்.

இந்தத் தேடலுக்கு ஆகும் காலத்தை மனத்தில் வைத்துத்தான் நாலரை வருஷம் ஆனவர்களைப் பார்த்துப் பதறுகிறேன். ஆவணம் எல்லாம் கைக்கு வந்த பிறகு மனு எழுதலாம் என்று காத்திருக்காதீர்கள். இருப்பதை வைத்து, கெடுவுக்குள், எழுத்துப்பூர்வமாக மனு கொடுத்துவிடுங்கள். மீதி ஆவணங்களைப் பின்னர் சமர்ப்பிக்கிறேன் என்று அதிலேயே எழுதுங்கள். உங்களை நியமனம் செய்யும் அதிகாரம் பெற்ற அலுவலர் பெயருக்கு, முறையான வழியில் அனுப்புங்கள். ஒரு முன்நகலை நேராக அவருக்கே ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் போடுங்கள். ஆபீஸில் கொடுத்த மனுவுக்குத் தபால் பதிவு எண்ணும் தேதியும் முத்திரையும் வாங்காமல் நகராதீர்கள். “ஹெட் கிளார்க் சார்கிட்ட அப்பவே சொன்னேன்” என்பது பின்னால் ஒரு காசுக்குப் பெறாது. வருவாய்த் துறை மூலம் விசாரணை நடக்கும், ஊரில் வந்து கேட்பார்கள், பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் நேரம் ஆகட்டும். உங்கள் மனு உள்ளே போன தேதி கெடுவுக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

சான்றிதழில் தேதி சரியாக இருந்து, எஸ்.ஆரில் எழுதும்போது குமாஸ்தா கை தவறியிருந்தால்? 3-6 என்பது 6-3 ஆவதும், 8 என்பது 3 ஆவதும் நடக்கிற காரியம்தான். ஆபீஸ் செய்த தப்பு தானாகச் சரியாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். அதற்கும் உடனே எழுதிக் கொடுங்கள். பழைய எஸ்.ஆர். விவரங்கள் கணினிக்கு ஏறி, சம்பளப் பட்டியலே ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்ற அரசின் நிதி, மனிதவள மேலாண்மைக் கணினி அமைப்பு வழியாகப் போகும் காலம் இது. காகிதத்தில் சரியாக இருப்பது கணினியில் சரியாக ஏறியிருக்கிறதா என்று தனியாகப் பாருங்கள். இரண்டும் வேறாக இருப்பது தெரிந்தும் மாதாமாதம் சம்பளம் வருகிறதே என்று விட்டால், ஓய்வு நெருங்கும்போது எந்தத் தேதி நிஜம் என்று நீங்கள்தான் அலைய வேண்டிவரும். உங்கள் செலவில் ஒரு நகல் எஸ்.ஆர். வைத்து, அசலில் பதியும்போதெல்லாம் அதிலும் பதிந்து மேலொப்பம் வாங்கிக்கொள்ளும் பழக்கம் ஆசிரியர்களிடம் உண்டு. எல்லாத் துறைக்காரர்களும் அதைப் பின்பற்றலாம்.

திருத்தம் கேட்கும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். புதிய தேதிப்படி நீங்கள் வேலையில் சேர்ந்த நாளில் உங்களுக்கு என்ன வயது? கருணை அடிப்படையில் பதினெட்டு முடிந்ததும் வேலைக்குச் சேர்ந்தவர், நான் இரண்டு வயது இளையவன் என்றால், அன்றைக்குப் பதினாறு வயதுதான் என்று தானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். சரியான வயது அன்றே தெரிந்திருந்தால் இந்த வேலைக்கு எடுத்திருப்பார்களா என்பதையும் அதிகாரி பார்ப்பார். இந்தக் கேள்வியில் தோற்றால் மனு தள்ளுபடியாகும், வேலைக்கு எடுத்த தகுதியே விவாதத்துக்கு வந்துவிடும்.

இந்த இடத்தில்தான் புரோக்கர்கள் வருகிறார்கள். “சார், பர்த் சர்ட்டிபிகேட் ரெடி பண்ணிடலாம், பழைய ரெஜிஸ்டர்லயே என்ட்ரி காட்டிடலாம்” என்பார்கள். தயவுசெய்து அவர்கள் பக்கமே போகாதீர்கள். ஒரு வருஷத்துக்கு மேல் தாமதமாகப் பதிவாகும் பிறப்புக்கு அதிகாரம் பெற்ற அலுவலரின் ஆணை வேண்டும். நாற்பது வயதில் புதிதாகப் பதிந்த பிறப்புச் சான்றுக்கு உங்கள் துறையும் நீதிமன்றமும் பெரிய மதிப்புத் தராது. அது போலி என்று தெரிந்தால் பேச்சு தேதியைப் பற்றி இருக்காது. குற்ற வழக்கு வரும், பணிநீக்கம் வரும், பென்ஷன் போகும். ஒரு வருஷச் சம்பளத்துக்கு ஆசைப்பட்டு முப்பது வருஷ உழைப்பை அடமானம் வைக்காதீர்கள். முன்சீப் கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கிவந்தால் துறை மாற்றியே ஆக வேண்டும் என்று சிலர் கிளப்பிவிடுவார்கள். அப்படித் தீர்ப்பு வாங்கி வந்தாலும் பணி விதியின் ஐந்தாண்டுக் கெடு உங்களுக்காக நீளாது.

ஆதார் அட்டையைக் காட்டித் திருத்தலாம் என்ற நம்பிக்கையும் இப்போது பரவலாக இருக்கிறது. ஆதார் எடுக்கும்போது வயதை மட்டும் சொன்னவர்களுக்கு ஜனவரி 1 என்று தேதி விழுந்த அட்டைகள் நம் ஊர்களில் ஏராளம். அது அடையாளத்துக்கான அட்டை, பிறந்த தேதிக்கு ஆதாரம் ஆகாது என்பதை 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்து, பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதியையே எடுத்துக்கொண்டது. ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான். பிறந்த தேதிக்கான சான்று ஆவணங்களின் பட்டியலிலிருந்து பி.எஃப். நிறுவனம் ஆதாரை 2024 ஜனவரியிலேயே எடுத்துவிட்டது. ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்த நாளில் ஏஜென்சிக்காரர் அவசரத்தில் அடித்த தேதிதான் பலருடைய பி.எஃப். கணக்கில் இருக்கிறது. பென்ஷன் 58 வயதில். கணக்கில் உள்ள தேதியும் உங்கள் ஆவணத்தில் உள்ள தேதியும் ஒத்துப்போகாவிட்டால் அந்த வயதில் விண்ணப்பம் திரும்பி வரும், நீங்கள் வேலை பார்த்த கம்பெனி அப்போது இருக்குமா என்பதும் நிச்சயமில்லை. யு.ஏ.என். என்ற உங்கள் பி.எஃப். கணக்கு எண்ணை வைத்து இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

இன்னொரு தேதியையும் கவனியுங்கள். உங்கள் மனைவியின், அல்லது கணவரின் பிறந்த தேதி. குடும்ப ஓய்வூதியத்தில் எண்பது வயதில் கூடுதல் ஓய்வூதியம் கிடைக்க அந்தத் தேதி ஆவணத்தில் இருந்தாக வேண்டும். பள்ளிக்கே போகாத ஒரு மூதாட்டி, எண்பது வயது ஆகிவிட்டது என்று நிரூபிக்கக் கருவூலத்துக்கும் தாலுகா ஆபீஸுக்கும் நடக்க வேண்டியிருக்கிறது. கணவர் பணியில் இருந்தபோது ஒரு வரி சரியாக எழுதியிருந்தால் அந்த நடை மிச்சம்.

எல்லோரையும்விட எனக்குக் கவலை தருபவர்கள் படிப்பு குறைந்த கடைநிலை ஊழியர்கள். கிராம உதவியாளர்கள், தூய்மைப் பணியாளர்கள், இரவுக் காவலர்கள். ‘இங்க கையெழுத்துப் போடு’ என்று காட்டிய இடத்தில் போட்டவர்கள். பலருக்குத் தங்கள் எஸ்.ஆரில் என்ன தேதி இருக்கிறது என்றே தெரியாது. ஓய்வு உத்தரவு கையில் வரும் நாளில்தான் அதைக் கேள்விப்படுகிறார்கள். தெரிந்தே மௌனமாக இருந்தவருக்கும் இவர்களுக்கும் ஒரே தராசு வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. நிலக்கரி நிறுவனம் 1987-ல் செய்ததைப் போல, புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் முதல் வருஷத்துக்குள் அவர் பதிவை அச்சிட்டுக் கையில் கொடுத்து, படித்துக் காட்டி, சரியா என்று கேட்கும் கடமை அலுவலகத்துக்கு இருக்க வேண்டும். சங்கங்கள் இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். அதுவரை, அந்த அலுவலகத்தில் இருக்கும் படித்த சக ஊழியர் யாராவது ஒருவர், “அண்ணே, உங்க எஸ்.ஆரைக் கொஞ்சம் பாத்துடலாம் வாங்க” என்று கூப்பிட்டுப் போய்ப் படித்துக் காட்டுங்கள்.

2021-ல் பணியில் சேர்ந்தவர்களுக்கு 2026-ல், சேர்ந்த அதே தேதியோடு ஐந்து ஆண்டு முடிகிறது. 2022-ல் சேர்ந்தவர்களுக்கு 2027-ல். உங்கள் பணியேற்பு அறிக்கையில் உள்ள தேதியை எடுத்து, அதோடு ஐந்தைக் கூட்டி, அதற்கு ஆறு மாதம் முன்னதாக ஒரு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மனு அந்த நாளுக்குள் தபால் முத்திரையோடு உள்ளே போயிருக்க வேண்டும்.